பதினேழாம் எண் பாட்டில்

நிராபத சர்தார் எங்கள் ஆய்வகத்துக்கு முதல் முறை வந்தது வேலை கேட்டு அல்ல, சண்டை போட. கல்கத்தாவின் தோல் டாக்டர் ஹல்தார் அவருடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது, அதுதான் இந்தக் காய்ப்பும் மார்பில் இருக்கும் புள்ளிகளும் என்று சொல்லியிருந்தார். நிராபதனின் தொழிலே குழாய்க் கிணறு இறக்குவது. அவர் ஊர் கொல்மிடாங்காவைச் சுற்றி எட்டு ஊர்களில் பாதிக் குழாய்கள் அவர் கையால் இறங்கியவை. அதனால் டாக்டர் சொன்னது அவர் காதில் நோயாக விழவில்லை, தொழில்மேல் சுமத்திய பழியாக விழுந்தது. இரண்டு பாட்டில் தண்ணீரோடு நேரே பல்கலைக்கழகத்துக்கு வந்து என் மேஜைமேல் வைத்தார்.

"இதுல விஷம் எங்க இருக்குன்னு காட்டுங்க. காட்டலைன்னா அந்த டாக்டர் மேல கேஸ் போடுவேன்."

காட்டினேன். ஒரு முறை அல்ல, ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் தண்ணீரை அவரே ஊற்ற வேண்டும், கருவியின் முள் நகர்வதை அவரே பார்க்க வேண்டும். ஐந்தாவது முறை முடிந்ததும் முக்காலியில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சரி. நான் போட்டதுல எது எது கெட்டது? எல்லாத்தையும் கொண்டு வர்றேன். எத்தனை பாட்டில் தருவீங்க?"

நான் அப்போது திருநெல்வேலியிலிருந்து வங்காளத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்த ஆராய்ச்சி மாணவி. என் பாடம் கரிம உலோக வேதியியல், அதாவது உலோகமும் கார்பனும் கைகோத்துக்கொள்ளும் சேர்மங்கள். தகரத்தையும் கார்பனையும் கோத்து முடித்துக் கண்ணியமாக ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதுதான் என் திட்டம். நிராபதன் அதைக் கெடுத்தார். ஒரு மாதத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு பாட்டில்கள் வந்தன. பேராசிரியர் தகரத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு ஆர்சனிக்கைப் பிடித்தார். நானும் பிடித்தேன். ஓய்வு பெறும்வரை முப்பது வருடம் விடவில்லை, ஊர் திரும்பவும் இல்லை.

நிராபதனை ஆய்வகத்தில் களப் பணியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'மெட்ராஸ் தீதி', மெட்ராஸ் அக்கா, என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை நிராபத்தா என்பேன், நிராபத் அண்ணன். அவர் பெயருக்கு ஆபத்தில்லாதவன் என்று பொருள். பெற்றவர்கள் எந்த நம்பிக்கையில் வைத்தார்களோ, மனிதர் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் தயங்கி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் அவர் உள்ளங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையால் குழாய் இறக்கும்போது மூங்கில் சாரத்தின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்து குழாயின் வாயை உள்ளங்கையால் மூடுவார். கீழே இரண்டு பேர் நெம்பிக் குழாயை ஏற்றி இறக்குவார்கள். இறங்கும்போது மேலே இருப்பவர் கையை எடுக்க வேண்டும், சேறு பீய்ச்சியடிக்கும். ஏறும்போது மறுபடி மூட வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. அந்தக் கைக்கு நூறடிக்குக் கீழே இருக்கும் மண்ணைத் தெரியும். சாம்பல் கலந்த கறுப்பு மணல் வந்தால் அந்தத் தண்ணீர் கெட்டது, செம்பழுப்பு மணல் வந்தால் நம்பலாம் என்று எங்களுக்குச் சொன்னதே அவர்தான். நாங்கள் அதை ஆயிரம் பாட்டில் வைத்துச் சரிபார்த்துக் கட்டுரையாக எழுதினோம். கட்டுரையின் கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் அவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறது. மேலே, எழுதியவர்கள் வரிசையில், மண்ணைக் கையால் தொடாத ஐந்து பேர். ஐந்தில் நானும் ஒருத்தி. இன்றைக்கும் அந்தக் கட்டுரையை எடுத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு. தண்ணீர் எடுத்தாலும், முடி, நகம், சிறுநீர் எடுத்தாலும், பாட்டிலில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்பது அந்த நோட்டில் மட்டும் இருக்கும். நோட்டு அவர் சட்டைப் பையில் இருக்கும். எனக்கே காட்ட மாட்டார். ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஒரு முறை பட்டியல் ஒன்று பெயர்களோடு ஒரு சுகாதார முகாமில் மேஜைமேல் கிடந்துவிட்டது. யாரோ படித்தார்கள். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் கல்யாணம் நின்றது. தோலில் புள்ளி வந்தால் அதைக் குஷ்டம் என்றே நினைக்கிற ஊர்கள் அவை. அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தவர், அன்றே அந்த நோட்டை வாங்கினார். இனி செத்தாலும் பெயர் வெளியே போகாது என்றார்.

இன்னொரு பழக்கமும் அவருடையதுதான். சிறுநீர் கொடுக்க ஊர்ப் பெண்கள் கூச்சப்படுவார்கள். அதனால் எடுக்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் பாட்டிலைக் கொடுத்து வரிசையில் வைக்க வேண்டும். பேராசிரியர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அவரையும் விடவில்லை.

கொல்மிடாங்காவில் அவர் வீட்டு முற்றத்திலும் ஒரு குழாய் இருந்தது. கல்யாணச் சீராக மாமனார் இரும்புக் குழாய் வாங்கிக் கொடுக்க, மாப்பிள்ளையே இறக்கியது, அறுபத்தைந்து அடி. அந்தப் பக்கத்தில் அப்போது சைக்கிள், கடிகாரத்தோடு குழாயும் சீர்தான். சோதித்ததில் அந்த ஊரிலேயே மிக மோசமான தண்ணீர் அதுதான். நிராபத்தா அன்றைக்கே அதன் வாயில் சிவப்புப் பெயின்ட் அடித்தார். சிவப்பு என்றால் குடிக்கக் கூடாது, பாத்திரம் கழுவலாம். அவர் மனைவி பிஜோலி பௌதி, எனக்கு அண்ணி முறை, வாசலில் நின்று பார்த்தாள். அதன்பிறகு எப்போது போனாலும் அந்தக் குழாயின்மேல் ஒரு ஈரப் புடவை காய்ந்துகொண்டிருக்கும். கொடி பக்கத்திலேயே காலியாகக் கிடக்கும். நான் அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

குடிக்கத் தகுந்த பச்சைக் குழாய்க்காக அவர் மூன்று வருடம் அலைந்தார். ஐந்நூற்று அறுபதடி ஆழம். மனு, மறுமனு, கையெழுத்து, மறியல் எல்லாம் நடந்தது. இயந்திரம் வந்து துளை போட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து, வெளியே வந்த ஒவ்வொரு வாளி மண்ணையும் கையில் வாங்கிப் பிசைந்து பார்த்தார். செம்பழுப்பு மணல் வந்ததும் "இங்க நிறுத்து" என்றார். ஒப்பந்தக்காரன் இன்னும் முப்பதடி போகலாம் என்றான். நிராபத்தா இயந்திரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். நிறுத்தினார்கள். பச்சைப் பெயின்டை அவரே அடித்தார். இருநூறு குடும்பங்கள் அதில் குடிக்கத் தொடங்கின. ஒரு வருடத்தில் டாக்டர் ஹல்தார் முகாம் போட்டுப் பார்த்தபோது கைகளில் காய்ப்பு மெதுவாக இளகத் தொடங்கியிருந்தது. பௌதியின் கையை மட்டும் அவர் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"இந்தம்மா கை சோம்பேறிக் கையா இருக்கே. நகரவே மாட்டேங்குதே."

பாத்திரம் தேய்க்கிற கை வேறு எப்படி இருக்கும், உங்கள் கையைக் கொண்டு வந்து ஒரு வாரம் என் வீட்டில் தேய்த்துப் பாருங்கள் என்று பௌதி சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தச் சமயத்தில் வேறு ஒரு மாவட்டத்தில் ஆழ்குழாய் ஒன்றில் இணைப்பு விட்டு, மேல் மட்டத்து விஷத் தண்ணீர் கீழே இறங்கியது தெரியவந்தது. குடிநீர் அலுவலக இன்ஜினியர் சான்யால் பாபு எல்லா ஆழ்குழாய்களையும் சோதிக்கச் சொன்னார். தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது, மழைக்கும் கோடைக்கும் அது மாறும், குடிக்கிறவர்களின் உடம்பைச் சோதியுங்கள் என்றார். தப்பான பேச்சில்லை. சிறுநீரில் ஆர்சனிக் அதிகமாக இருந்தால் குழாய்க்கு சீல். குறைவாக இருந்தால் பக்கத்து இரண்டு குடியிருப்புகளுக்கும் அதே குழாயிலிருந்து நீட்டிப்பு.

நாற்பது பேர். தேதி குறித்தது நிராபத்தா. ஜமாய் ஷஷ்டிக்கு மறுநாள் காலை என்றார். வங்காளத்தில் மருமகன்களுக்கான நாள் அது. மகளும் மாப்பிள்ளையும் வந்திருப்பார்கள், யாரும் வயலுக்கோ ரயிலேறி வேலைக்கோ போக மாட்டார்கள், ஒரே காலையில் நாற்பதும் கிடைக்கும். சரியான கணக்கு. நான் ஒரு வாரமாக அந்த ஊரின் சுகாதார நிலைய அறையில் தங்கி அங்கிருந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நானும் என் பாட்டிலைக் கொடுத்தேன். முதலில் கொடுத்தாலும் கடைசி எண், நாற்பது.

அந்த வருடம் எங்கள் ஆய்வகத்துக்குப் புதுக் கருவி வந்திருந்தது. பழையதைவிட நூறு மடங்கு கூர்மையானது. பெருமை தாங்காமல் நாற்பது பாட்டில்களையும் கடைசிச் சொட்டு வரை அமிலத்தில் காய்ச்சி அதற்கே கொடுத்தோம். முடிவு வந்தது. ஏறக்குறைய எல்லாமே அதிகம். சில எண்கள் சிவப்புக் குழாயில் குடிக்கிறவர்களுக்குக்கூட வராத எண்கள். விதிப்படி தாளின் ஒரு நகல் சான்யால் பாபுவுக்கும் போய்விட்டது. பத்து நாளில் சீல் வைக்கிறேன் என்று பதில் வந்தது.

நிராபத்தா தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குழாய் சரியாக இருக்கிறது, உங்கள் தாள்தான் தப்பு என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோடி ரூபாய்க் கருவி, நீங்கள் கை வைத்து மூட அது குழாய் வாய் இல்லை என்று கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். கடைசி வரியில் நின்றார்.

"நாப்பது மட்டும் ஏன் கம்மி?"

"அது நான்."

"நீங்களும் ஒரு வாரமா அந்தத் தண்ணிதானே குடிச்சீங்க?"

"ஆமா."

"அன்னைக்கு ஊரே சாப்பிட்டது, நீங்க மட்டும் சாப்பிடாதது என்ன?"

அதுவரை வங்காளத்தில் நான் வாங்கிய கேலி எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வட்டியோடு திரும்பி வந்தது. மீன் தொடாதவள் என்று எத்தனை கல்யாணப் பந்தியில் என்னை நோயாளிபோலப் பார்த்திருக்கிறார்கள்! ஜமாய் ஷஷ்டி அன்று கொல்மிடாங்காவில் ஐஸில் வந்த இலிஷ் மீனும் கடல் இறாலும் இல்லாத வீடே இல்லை. மாப்பிள்ளைக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குக் குறைந்துவிடக் கூடாது என்று கடன் வாங்கியாவது பொரித்திருப்பார்கள்.

வெட்கம் என்னவென்றால், இது என் பாடம். கடல் மீனில் ஆர்சனிக் உண்டு. ஆனால் அது கார்பனோடு இறுகக் கைகோத்துக்கொண்ட ஆர்சனிக். யாரையும் ஒன்றும் செய்யாது, வந்தபடியே மூன்று நாளில் வெளியே போய்விடும். கிணற்று ஆர்சனிக் வேறு. அது தனியாக வந்து உடம்பில் உட்காரும். உடம்பு பாடுபட்டு அதற்கு ஒன்றிரண்டு கார்பனை மாட்டிச் சிறுநீரில் தள்ளும், தள்ள முடியாதது தோலில் தெரியும். பழைய கருவிக்கு மீன் ஆர்சனிக் கண்ணிலேயே படாது. அதனால் பன்னிரண்டு வருடமாக நாங்கள் யாரும் மீனைப் பற்றிக் கேட்டதில்லை. புதுக் கருவி நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் எண்ணிவிட்டது. கரிம உலோக வேதியியலில் பட்டம் வாங்கியவள் கோட்டைவிட்டதைக் குழாய் மேஸ்திரி பிடித்தார். அதை அன்றே அவரிடம் சொன்னேன். "தேதி குறிச்சது நான்தானே, பாதித் தப்பு என்னோடது" என்று பங்கு கேட்டார்.

மறுபடி சோதிக்க சான்யால் பாபு ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. நாற்பதில் ஒன்று அதிகமாக இருந்தாலும் சீல். இந்த முறை வெவ்வேறு ஆர்சனிக்கைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் முறையில் செய்வதாக நான் சொன்னேன். ஆனால் மீன் ஆர்சனிக்கில் கொஞ்சம் உடம்பில் உடைந்து கிணற்று ஆர்சனிக் போலவே தெரியும் என்பதால், அதற்கும் முன்னால் நாலு நாள் யாரும் மீன் சாப்பிடக் கூடாது. கேட்டதும் சான்யால் பாபுவே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நாலு நாளா? ஊர் முழுக்கவா? அதுக்கு நான் குழாய்க்கு சீல் வைக்கிறதே சுலபம்."

நிராபத்தா முதலில் போனது மீன்காரர் கொஃபூர் வீட்டுக்கு. கடையை நாலு நாள் மூட வேண்டும் என்றார். கொஃபூர் தாடியைத் தடவினார். நாலு நாள் மீனில்லாமல் வைத்தால் ஆர்சனிக் இல்லாமலே பாதி ஊர் போய்விடும், அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டார். பிறகு, அவர் பேத்தியும் பச்சைக் குழாயில் குடிக்கிறவள் என்பதால், தராசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினார். நிராபத்தா வீடு வீடாகப் போனார். குளத்தில் தூண்டில் போட்ட ஒரு ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து, தூண்டிலைப் பறித்து வைத்துக்கொண்டார். பௌதி நாற்பது பேர் வீட்டுப் பெண்களையும் கூட்டி, உருளைக்கிழங்கும் கசகசாவும் வைத்து நாலு நாள் எப்படித் தள்ளுவது என்று சொல்லிக் கொடுத்தாள். நான் செய்து காட்டிய சாம்பாரை ஊர் மரியாதைக்காக ஒரு முறை சாப்பிட்டது.

ஐந்தாம் நாள் காலை நாற்பது பாட்டில்களும் வந்தன. பிரித்துப் பார்க்க ஆறு நாள் ஆனது. மீன் ஆர்சனிக் எதிலும் இல்லை என்றே சொல்லலாம். முப்பத்தொன்பது பாட்டிலில் மற்றதும் குறைவு. சோற்றிலிருந்து வருகிற கொஞ்சம்தான். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். பதினேழாம் எண் அதிகம். சந்தேகத்துக்கு இடமே இல்லாத அதிகம். மீன் இல்லை. கிணறு.

நிராபத்தாவிடம் சொன்னேன். பையிலிருந்து நோட்டை எடுத்து, எனக்குத் தெரியாமல் திரும்பிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். தன் நோட்டை அவர் இரண்டு முறை பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

"யாரு?" என்றேன்.

"பேரு சொல்லமாட்டேன் தீதி."

பெயர் வேண்டாம், அந்த ஆள் வேறு குழாயில் குடிக்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஊரில் பச்சைக் குழாய் ஒன்றுதான். சிவப்பில் குடிக்கிறேன் என்று அந்த ஆளே சொன்னால்தான் பச்சை தப்பிக்கும். அவர் நோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். யாரோ பங்காளியைக் காப்பாற்றுகிறார், இருநூறு குடும்பத்துத் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார் என்று எனக்கு ஆத்திரம். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

கூட்டம் ஊர் கிளப்பின் கொட்டகையில், காலை பத்து மணிக்கு. ஜீப்பில் சான்யால் பாபு வந்தார். அவருடைய ஆள் கையில் சீல் வைக்கும் கம்பிச் சுருளும் ஈயக் கட்டியும் வைத்திருந்தான். நான் தாளைப் படித்தேன். முப்பத்தொன்பதைச் சொன்னபோது கூட்டம் கலகலத்தது. கொஃபூர் எழுந்து, அப்படியென்றால் கடையைத் திறக்கலாமா என்றார். பதினேழைச் சொன்னதும் அவர் மறுபடி உட்கார்ந்தார்.

சான்யால் பாபு நியாயமாகத்தான் கேட்டார். அந்த ஆள் பச்சைக் குழாயில் குடிக்கிறவர் என்றால் குழாயில் எப்போதாவது விஷம் கலக்கிறது. வேறு எங்காவது குடிக்கிறவர் என்றால் குழாய்மேல் குற்றமில்லை. யார் என்று தெரியாமல் நான் எதை நம்புவது?

"பேரு சொல்ற வழக்கமில்ல பாபு," என்றார் நிராபத்தா.

"வழக்கம் பெருசா, தண்ணி பெருசா?"

மூங்கில் உச்சியிலும் இயந்திரத்தின்மேலும் ஏறி உட்கார்ந்தவர், அமைச்சர் வந்தபோது முதுகைத் திருப்பிக் காட்டி இந்தப் புள்ளிகளை எண்ணுங்கள் என்றவர், அன்று கிளப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தயக்கம் என்று சொன்னேனே, இதுதான். சட்டைப் பைமேல் கை வைத்திருந்தார். எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. பங்காளியாக இருந்தால் இவர் இப்படி நிற்க மாட்டார்.

சான்யால் பாபு தன் ஆளைப் பார்த்துத் தலையசைத்தார். கம்பிச் சுருளைத் தூக்கினான்.

பெண்கள் பக்கத்திலிருந்து பிஜோலி பௌதி எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பதினேழு நான்தான் பாபு."

நிராபத்தா தலையைத் தூக்கி, உட்கார், உன்னை யார் கேட்டது என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"அவர் சொல்லல. பாட்டில்ல ஒட்டியிருந்துச்சு. என் கல்யாணம் ஃபால்குன் மாசம் பதினேழு, அந்த நம்பரை நான் மறப்பேனா?"

எந்தக் குழாயில் குடிக்கிறீர்கள் அம்மா என்றார் சான்யால் பாபு.

"குடிக்கிறது பச்சைதான். சத்தியமா. ராத்திரிச் சோத்துல ஊத்தி வைக்கிறது மட்டும் எங்க அப்பா தண்ணி. காலையில அந்தப் பழைய சோறும் அந்த நீரும்தான் எனக்கு. பச்சைத் தண்ணியில ஊறினா அந்த ருசி வரல. இவர் விடியக்காலை மூணு மணி ரயிலுக்குப் போறவர், பொரியைத் தின்னுட்டுப் போயிடுவார், இவருக்குத் தெரியாது." நிராபத்தா பக்கம் கையைக் காட்டினாள். "குடிக்காதேன்னுதானே சொன்னார். ஊறவைக்காதேன்னு சொல்லலியே."

கூட்டத்தில் பாதிப் பெண்கள் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடமாக எத்தனை ஊரில், எத்தனை முகாமில், எத்தனை படம் வரைந்து குடிக்காதே குடிக்காதே என்று சொன்னோம்! வங்காளத்தில் பழைய சோறு ஊறுகிற தண்ணீரை யாரும் குடிநீர் என்று எண்ணுவதில்லை என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் கேள்வித் தாளில் முதல் கேள்வி அதுதான்.

பௌதி கம்பிச் சுருள் வைத்திருந்தவனிடம் போய் நின்றாள்.

"இவ்வளவு தூரம் கம்பியோட வந்துட்டீங்க. வெறுங்கையோட ஏன் போகணும்? என் வீட்டுக் குழாய்க்கு வைங்க."

ஊரே பின்னால் வந்தது. முற்றத்தில் குழாய்மேல் காய்ந்த புடவையை அவளே எடுத்து மடித்தாள். சிவப்புப் பெயின்ட் வெயில் படாமல் நேற்று அடித்ததுபோல இருந்தது. அவள் அப்பா வாங்கிக் கொடுத்த இரும்பின்மேல் ஒரு முறை கை வைத்தாள். அழுதாள், மறைக்கவில்லை. நிராபத்தா கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டார், அந்த ஆள் கம்பியைச் சுற்றினான். ஈயத்தை நசுக்கி முடிக்கும்வரை அவர் கைப்பிடியை விடவில்லை.

கூட்டம் கலைந்ததும் பௌதி அவரிடம் ஒன்று மட்டும் சொன்னாள்.

"அப்பா தண்ணியை எடுத்துட்டீங்க. இனிமே சோத்துக்குத் தண்ணி நீங்கதான் சுமக்கணும்."

பச்சைக் குழாய் அடுத்த மாதமே இரண்டு குடியிருப்புகளுக்கும் நீண்டது. ஒன்றரை வருடம் கழித்து டாக்டர் ஹல்தார் பௌதியின் கையைத் திருப்பிப் பார்த்து, சோம்பேறிக் கை எழுந்துவிட்டது என்றார். நிராபத்தா ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது, நானும் பெற்றுவிட்டேன். போன குளிர்காலத்தில் கொல்மிடாங்கா போயிருந்தேன். சாயங்காலம் பச்சைக் குழாயில் வரிசை. எண்பதை நெருங்குகிற மனிதர் இடுப்பில் பித்தளைக் குடத்தோடு பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். புதிதாக வாழ வந்த மருமகள் ஒருத்தி, இந்த வயதில் யாருக்காக இப்படித் தினம் சுமக்கிறீர்கள் தாத்தா என்று கேட்டாள்.

நிராபத்தா என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்.

"பேரு சொல்ற வழக்கமில்லம்மா. பதினேழாம் நம்பருக்கு."